ஐப்பசி மழைக்கு முன் மலை வீடு: நீலகிரிக்குப் புதிதாகக் குடிவந்தவர்களுக்கு

வேலை மாற்றலில் வந்தவர்கள், ஓய்வுபெற்றபின் குளிர்ந்த ஊரில் இருக்கலாம் என்று வந்தவர்கள், பிள்ளைகளின் படிப்புக்காக வந்தவர்கள் என்று குன்னூரிலும் கோத்தகிரியிலும் ஊட்டியிலும் ஆண்டுதோறும் புதுக் குடும்பங்கள் சேருகின்றன. பெரும்பாலானவர்கள் கோடையில் வீடு பார்த்து, பள்ளி திறப்பதற்குள் சாமான் இறக்கிவிடுகிறார்கள். வெயிலில் பார்த்த வீடு அழகாகத்தான் இருக்கும். அந்த வீடு உண்மையில் எப்படிப்பட்டது என்று சொல்லப்போவது ஐப்பசியும் கார்த்திகையும்தான். அதற்கு முன் செப்டம்பர் நடுவிலிருந்து அக்டோபர் நடுவரை ஏறக்குறைய ஒரு மாதம் கையில் கிடைக்கும். அந்த மாதத்தில் எதை முதலில் செய்வது, எதைத் தள்ளிப்போடலாம் என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

வரிசை முக்கியம். புதிதாக வருபவர்கள் குளிருக்குப் பயந்து முதலில் ஹீட்டரும் கம்பளியும் வாங்குகிறார்கள். மலையில் முதலில் தண்ணீருக்கு வழி செய்ய வேண்டும். குளிரை இன்னொரு போர்வை போட்டுச் சமாளிக்கலாம். வழி தெரியாத தண்ணீர் சுவரையே கொண்டுபோய்விடும்.

இந்த மலையின் மழைக் கணக்கு

கூடலூர், பந்தலூர், அவலாஞ்சி போன்ற மேற்குப் பக்கத்துக்கு ஜூன் முதல் செப்டம்பர் வரையிலான தென்மேற்குப் பருவமழைதான் பெரிய மழை. கிழக்குச் சரிவில் இருக்கும் குன்னூருக்கும் கோத்தகிரிக்கும் வடகிழக்குப் பருவமழைதான் கனமானது. தமிழகத்தில் அது வழக்கமாக அக்டோபர் 20-ஐ ஒட்டித் தொடங்குகிறது. பழனி மலையில் கொடைக்கானலுக்கும் அக்டோபர், நவம்பர்தான் அதிக மழை. ஆகவே ஜூலையில் உங்கள் வீடு ஒழுகவில்லை என்பதை வைத்து நிம்மதி அடைய வேண்டாம். காற்றும் சாரலும் அடிக்கும் திசை இனி மாறும். இதுவரை நனையாத சுவர் நனையும்.

2009 நவம்பரில் குன்னூர், கோத்தகிரி, கேத்தி பகுதிகளில் பெய்த மழையில் ஏற்பட்ட நிலச்சரிவுகளில் 40-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். இங்குள்ள பழைய குடும்பங்கள் ஐப்பசி பிறக்கும் முன்பே வாய்க்காலைத் தோண்டிவிடுவதற்குப் பின்னால் அந்த ஞாபகம் இருக்கிறது.

முதல் வாரம்: கூரையும் வாய்க்காலும்

மழை இல்லாத ஒரு காலையில் கூரையைப் பார்க்க ஆள் வையுங்கள். தகரக் கூரை என்றால் ஆணி அடித்த இடங்களில் வாஷர் வெடித்திருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள்; ஒழுகல் அங்கேதான் ஆரம்பிக்கும். ஓட்டு வீடு என்றால் நகர்ந்த ஓடு, குரங்கு உடைத்த ஓடு. கான்கிரீட் மாடி என்றால் தண்ணீர் இறங்கும் ஓட்டையில் சில்வர் ஓக் இலை அடைத்திருக்கும். அந்த இலை நனைந்தால் பாய் மாதிரி ஒட்டிக்கொள்ளும். ஒரு கைப்பிடி இலை போதும், மாடி முழுக்கக் குளமாகிவிடும். சுத்தம் செய்தபின் இரண்டு பக்கெட் தண்ணீர் ஊற்றி, அது எங்கே போய் விழுகிறது என்று கீழே நின்று பாருங்கள். வீட்டு அடித்தளத்தை ஒட்டி விழுந்தால் ஒரு குழாயை நீட்டி, கல் பாவிய வாய்க்காலுக்குக் கொண்டுபோக வேண்டும்.

அடுத்தது வீட்டுக்குப் பின்னால் இருக்கும் மண்மேடு. மலையில் ஏறக்குறைய எல்லா வீடுகளும் சரிவை வெட்டிக் கட்டியவை. பின்பக்கம் வெட்டிய மண்ணும், முன்பக்கம் தடுப்புச் சுவரும் இருக்கும். தடுப்புச் சுவரில் வரிசையாகச் சிறு குழாய் முனைகள் தெரியும். சுவருக்குப் பின்னால் தேங்கும் நீர் வெளியே வருவதற்கான வழி அவை. பாதியில் புல் முளைத்திருக்கும், மீதியில் மண் இறுகியிருக்கும். ஒரு நீளக் கம்பியை எடுத்து ஒவ்வொன்றிலும் குத்தி மண்ணை இழுத்துவிடுங்கள். "சுவர் நல்லா உறுதியாத்தான் இருக்கு சார், குழாய் மட்டும் அடைச்சிருக்கு" என்று இங்குள்ள கொத்தனார் சொன்னால் அதைச் சின்ன விஷயமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். சுவரைச் சாய்ப்பது பெரும்பாலும் பின்னால் தேங்கி நிற்கும் தண்ணீரின் அழுத்தம்.

மழை தொடங்கியபின் அதே குழாய்களைத் தினமும் ஒரு பார்வை பாருங்கள். தெளிந்த நீர் சொட்டினால் சுவர் தன் வேலையைச் செய்கிறது. நேற்றுவரை தெளிவாக வந்தது இன்று செம்மண் கலங்கலாக வந்தால் உள்ளே மண் கரைகிறது. சுவர் நடுவில் உப்புவது, முற்றத்தில் புது விரிசல், நேற்று சரியாக மூடிய கதவு இன்று இடிப்பது, மேட்டில் இருக்கும் மரமோ மின்கம்பமோ சாய்வது ஆகியவையும் அதே வகை அறிகுறிகள். இவற்றில் ஒன்றைக் கண்டாலும் அன்றிரவு அந்த வீட்டில் தங்க வேண்டாம். அக்கம்பக்கத்தில் சொல்லிவிட்டு வெளியேறுங்கள். மாவட்ட அவசரக் கட்டுப்பாட்டு அறையின் எண் 1077. வீட்டில் எல்லார் கைப்பேசியிலும் அதை இப்போதே பதிந்துவையுங்கள்.

சமையலறைத் தண்ணீரையும் துணி துவைத்த தண்ணீரையும் சரிவில் அப்படியே விடுவது இங்கே பலருக்கும் உள்ள பழக்கம். நீங்கள் அதைத் தொடர வேண்டாம். வருடம் முழுக்க ஊறிய மண் மழையில் சீக்கிரம் இளகும். கீழ்வீட்டுக்காரரின் மண்மேடுதான் உங்கள் வாசல் என்பதை நினைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டு எச்சரிக்கைகள். மண்மேட்டைக் கொஞ்சம் வெட்டி இடம் பண்ணிக்கொள்ளலாம் என்று தோன்றும். இந்த மாதத்தில் அதைத் தொடவே தொடாதீர்கள். நீலகிரியில் பொக்லைன் வைத்து மண் வெட்ட மாவட்ட நிர்வாகத்தின் அனுமதியும் வேண்டும். அதேபோல் வீட்டுமேல் சாய்ந்திருக்கும் கற்பூர மரத்தையோ சீகை மரத்தையோ சொந்த இடம்தானே என்று வெட்டிவிட முடியாது. மலைப்பகுதி மரங்களைக் காக்க 1955-லேயே தனிச் சட்டம் வந்திருக்கிறது. ஆபத்தான மரம் என்றால் விண்ணப்பித்து அனுமதி வாங்க நாளாகும் என்பதால், செப்டம்பரிலேயே மனு கொடுத்துவிடுங்கள்.

இரண்டாவது வாரம்: ஈரம்

பூஞ்சணம் பிடித்த சுவரைப் பார்த்ததும் பெயின்ட் அடித்து மறைக்கத் தோன்றும். அதற்கு முன் ஒரு சோதனை செய்து பாருங்கள். ஒரு சாண் சதுரத்துக்குப் பாலித்தீன் தாளை வெட்டி, நான்கு பக்கமும் டேப் ஒட்டி, ஈரம் தெரியும் சுவரில் இரண்டு நாள் விட்டுவையுங்கள். பிறகு தொட்டுப் பாருங்கள். தாளின் வெளிப்பக்கம் நீர் கோத்திருந்தால் அது அறையின் ஆவி: வெந்நீர், சமையல், உள்ளே காயவைத்த துணி, நம் மூச்சு. சன்னலைத் திறந்தால் தீரும். உள்பக்கம், சுவரை ஒட்டிய பக்கம் ஈரமாக இருந்தால் தண்ணீர் வெளியிலிருந்து சுவர் வழியாக வருகிறது. அதற்குப் பெயின்ட் மருந்தல்ல. வெளியே மண் சுவரைத் தொட்டுக்கொண்டிருக்கும், அல்லது கூரைத் தண்ணீர் அந்த இடத்தில் தெறிக்கும். ஈரச் சுவரில் எனாமல் பெயின்ட் அடித்தால் ஒரே மழையில் கொப்பளித்து உரியும். பெயின்ட் வேலையைப் பிப்ரவரிக்குத் தள்ளிவையுங்கள். அதுவரை பூஞ்சணத்தை உலர்ந்த துணியால் தட்டிவிடாமல், ஈரத்துணியால் துடைத்து எடுங்கள். தட்டினால் தூளாகப் பறந்து மூச்சுக்குள் போகும். ஆஸ்துமா உள்ள குழந்தை இருக்கும் வீட்டில் இதில் கவனம் கூடுதலாக வேண்டும்.

சன்னல் திறக்க நேரம் உண்டு. வெயில் வந்தபின் பத்தரை, பதினொன்றுக்குத் திறந்து, மஞ்சு, அதாவது மூடுபனி, இறங்குவதற்கு முன் மூன்று மணிக்கெல்லாம் மூடிவிடுங்கள். பீரோவையும் அலமாரியையும் வெளிச்சுவரோடு ஒட்டி வைக்காமல் நான்கு விரல் இடைவெளி விடுங்கள். பட்டுப்புடவை, தோல் செருப்பு, கேமரா, ஆல்பம் இவற்றை வெளிச்சுவர் அலமாரியில் வைக்கவே வேண்டாம். உப்பு, பெருங்காயம், அப்பளம் மூன்றும் காற்றுப்புகாத டப்பாவுக்குப் போகட்டும்.

மூன்றாவது வாரம்: கதகதப்பு

செலவில்லாத வேலையிலிருந்து தொடங்கலாம். குளிர்காற்று அதிகம் வருவது கதவடியில்தான். காலாண்டு விடுமுறையில் பிள்ளைகள் வீட்டில் இருப்பார்கள். பழைய ஜீன்ஸ் பேன்ட்டின் ஒரு காலை வெட்டி, ஒரு முனையைத் தைத்து, மரத்தூளும் மணலும் கலந்து நிரப்பி, மறு முனையையும் தைத்துவிட்டால் கதவடி பை தயார். மணல் அது நகராமல் பிடித்துக்கொள்ளும், மரத்தூள் எடையைக் குறைக்கும். மணலை வெயிலில் நன்றாகக் காயவைத்த பிறகே நிரப்ப வேண்டும்; ஈரமணல் துணியை மக்கவைத்துவிடும். எட்டு வயதுப் பிள்ளைகூட இதைத் தைத்துவிடும். ஒவ்வொரு அறைக்கும் ஒன்று செய்யச் சொன்னால் விடுமுறையில் இரண்டு நாள் கலகலப்பாகப் போகும். சன்னல் இடுக்குக்கு ஒட்டும் ஃபோம் டேப் கடைகளில் கிடைக்கிறது. ஆனால் எல்லா இடுக்கையும் அடைக்காதீர்கள். காரணம் அடுத்து வருகிறது.

கரி அடுப்பை அறைக்குள் வைத்துக்கொண்டு தூங்கக் கூடாது. கொடைக்கானலிலும் ஊட்டி வட்டாரத்திலும் இப்படித் தூங்கியவர்கள் விடியலில் எழுந்திருக்கவே இல்லை என்ற செய்திகள் வந்திருக்கின்றன. கரி எரியும்போது வரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. புகை தெரியாததால் ஆபத்தில்லை என்று தோன்றும். முதலில் தலைவலி, குமட்டல், பிறகு அசதி. தூக்கம் வருகிறது என்று நினைத்துப் படுத்துவிடுவார்கள். இரவு சமைத்து மீந்த நெருப்புக் கங்குகளை அறைக்குள் எடுத்துவருவதும் இதேதான். காஸ் கீசரைக் காற்றோட்டம் இல்லாத குளியலறையில் மாட்டுவதும் இதேதான். சமையல் முடிந்ததும் கங்கு வெளியே போகட்டும். விருந்தாளிகளுக்கும், வீட்டு வேலைக்கு உதவ வருபவர்களுக்கும் இதை வாய்விட்டுச் சொல்லுங்கள்.

பழைய பங்களா வாடகைக்கு எடுத்தவர்களுக்குக் கணப்பு அடுப்பு இருக்கும். புகைக்கூண்டில் பறவைக் கூடு இருக்கிறதா என்று பார்த்து, கரியைச் சுரண்டிய பிறகு மட்டும் பற்றவையுங்கள். முதலில் ஒரு நாளிதழ்த் தாளைக் கொளுத்தி, புகை மேலே இழுக்கிறதா என்று பார்த்துக்கொள்ளலாம். விறகை மழைக்கு முன்பே வாங்கி, தரையில் படாமல் இரண்டு கட்டைமேல் அடுக்கி, மேலே மட்டும் தகரம் போட்டு, பக்கங்களைத் திறந்துவிடுங்கள். தார்ப்பாயால் முழுக்கப் போர்த்தினால் உள்ளேயே வியர்த்து ஊறும்.

மின் ஹீட்டர் வாங்குபவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். 2000 வாட் ஹீட்டர் ஒன்பது ஆம்பியருக்குக் கொஞ்சம் குறைவாக இழுக்கும். அதைச் சாதாரண ஐந்து ஆம்பியர் பிளக்கிலோ எக்ஸ்டென்ஷன் பெட்டியிலோ சொருகினால் வயர் உருகும். இங்கே பழைய வீடுகள் அதிகம், வயரிங்கும் பழையது. எலக்ட்ரீஷியனை ஒருமுறை அழைத்து எர்த் இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். சோலார் வெந்நீர் இருக்கும் வீட்டிலும் மேகமூட்ட நாட்களுக்கு இன்னொரு ஏற்பாடு தேவைப்படும்.

கம்பளி ஆடைக்கு ஊட்டி தாவரவியல் பூங்கா அருகில் திபெத்தியர் கடைகள் இருக்கின்றன. பிள்ளைகளுக்குத் தடித்த ஒரு ஸ்வெட்டரைவிட மெல்லிய இரண்டு நல்லது. பள்ளிக்குப் போகும்போது குளிரும், பதினொரு மணி வெயிலில் வியர்க்கும். காலுறையை மட்டும் தாராளமாக வாங்குங்கள். மழைநாளில் தினம் இரண்டு ஜோடி நனையும்.

அடுப்படி மாற வேண்டும்

ஊட்டி கடல் மட்டத்திலிருந்து சுமார் 2240 மீட்டர், குன்னூர் சுமார் 1850 மீட்டர். இந்த உயரத்தில் காற்றழுத்தம் குறைவு. ஊட்டியில் தண்ணீர் 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். கொதிக்கிறது, ஆனால் பருப்பு வேகவில்லை என்று குழம்புபவர்களுக்கு இதுதான் பதில். துவரம்பருப்பை அரை மணி ஊறவைத்து, வழக்கத்தைவிட ஒன்றிரண்டு விசில் கூடுதலாக விடுங்கள். திறந்த பாத்திரத்தில் சோறு வடிப்பவர்கள் நேரத்தைக் கூட்டிக்கொள்ளுங்கள். மழைக்காலத்தில் குழாய்த் தண்ணீர் கலங்கி வரும். குடிக்கும் தண்ணீரைத் தளதளவென்று கொதித்தபின், ஊட்டி, கொடைக்கானல் உயரத்தில் மூன்று நிமிடம் விட வேண்டும். புட்டித் தண்ணீர் வாங்கலாம் என்றால் நீலகிரியில் பிளாஸ்டிக் தண்ணீர்ப் புட்டிகளுக்குத் தடை இருக்கிறது. வீட்டுக்கு ஒரு வடிகட்டியும், ஆளுக்கு ஒரு எவர்சில்வர் பாட்டிலும் தேவை. மழை கொட்டினாலும் குழாயில் தினம் தண்ணீர் வரும் என்று நம்ப வேண்டாம். முறை வைத்துத்தான் விடுவார்கள். தெருவில் முறையைக் கேட்டுத் தொட்டியை அதற்கேற்ப வைத்துக்கொள்ளுங்கள்.

புதிதாக வந்த எல்லா வீடுகளிலும் எழும் புலம்பல் மாவு. இட்லி மாவு பொங்க 30 டிகிரியை ஒட்டிய சூடு வேண்டும். ஊட்டியில் அக்டோபர் இரவு 10, 12 டிகிரி. கீழே எட்டு மணி நேரத்தில் பொங்கும் மாவு இங்கே பதினாறு, இருபது மணி நேரம் கேட்கும். மாலையில் அரைத்துக் காலையில் இட்லி என்ற கணக்கை விட்டுவிட்டு, முந்தைய நாள் மதியமே அரைத்துவிடுங்கள். வெதுவெதுப்பான தண்ணீர் விட்டு அரைத்து, வெந்தயம் ஒரு சிட்டிகை கூட்டி, உப்புப் போட்டு, கையால் நன்றாக அடித்துக் கலக்குங்கள். பழைய மாவு ஒரு கரண்டி மிச்சம் வைத்துச் சேர்த்தால் இன்னும் நல்லது. பிறகு ஒரு தெர்மாகோல் பெட்டியில் மாவுப் பாத்திரத்தை வைத்து, பக்கத்தில் சூடான தண்ணீர் நிரப்பிய எவர்சில்வர் பாட்டிலைத் துணியில் சுற்றி வைத்து மூடுங்கள். படுக்கும் முன் பாட்டில் தண்ணீரை ஒருமுறை மாற்றுங்கள். காலையில் மூடியைத் திறக்கும்போது மாவு விளிம்புவரை ஏறி, மேலே சிறு சிறு குமிழ் வெடித்து, புளிப்பு வாசம் மூக்கில் ஏறும். பாத்திரத்தில் பாதிக்கு மேல் நிரப்பாதீர்கள். வழிந்தால் பெட்டியைக் கழுவுவது பெரும்பாடு. தயிருக்கும் இதே பெட்டிதான்.

மழைக்காக ஒரு வாரத்துக்கு அரிசி, பருப்பு, பால்பவுடர், மெழுகுவத்தி, வீட்டில் யாராவது தினமும் சாப்பிடும் மாத்திரை எல்லாம் கையிருப்பில் இருக்கட்டும். மேட்டுப்பாளையம் சாலையில் மண் சரிந்தால் கீழிருந்து வரும் லாரிகள் நிற்கும். மின்சாரமும் போகும், மின்வாரியப் புகார் மையமான மின்னகத்தின் 94987 94987 என்ற எண்ணில் புகார் சொல்லலாம்.

தோட்டமும் பனியும்

வாசலில் நாலடி மண் இருந்தால் செப்டம்பர் கடைசியில் பட்டாணி, கேரட், பீட்ரூட் விதைக்கலாம். மூன்றும் குளிரைத் தாங்கும். தக்காளியும் பீன்ஸும் பனி விழுந்தால் ஒரே இரவில் கருகிவிடும், அவற்றை இப்போது தொடங்க வேண்டாம். பாத்தியை வரப்பு கட்டி உயர்த்துங்கள். ஐப்பசி மழையில் தேங்கும் நீர் விதையை அழுகவைக்கும்.

மழை ஓய்ந்து வானம் தெளிந்ததும் முதலில் நீர்ப்பனி, பிறகு உறைபனி வரும். நவம்பர் முதல் பிப்ரவரி வரை ஊட்டியில் காந்தல், தலைக்குந்தா போன்ற தாழ்வான இடங்களில் அதிகம். காற்றில்லாத, நட்சத்திரம் தெரியும் இரவில்தான் விழும். உங்கள் வீடு பள்ளத்தில் இருந்தால் மாலையே செடிகளை மூடிவிடுங்கள். ஊட்டி தாவரவியல் பூங்காவில் கோத்தகிரி மிலார் செடிகளை வெட்டிவந்து பூச்செடிகளுக்கு மேல் பரப்புவார்கள். உங்களுக்கு மிலார் கிடைக்காவிட்டால் பழைய வேட்டி, சாக்கு போதும். பிளாஸ்டிக் தாள் இலையில் படும்படி போட வேண்டாம். காலையில் வெயில் வந்ததும் எடுத்துவிடுங்கள்.

வாசலுக்கு வரும் காட்டு உயிர்கள்

குன்னூர், கோத்தகிரி, கொடைக்கானல் மூன்று ஊர்களிலும் காட்டுமாடு தெருவுக்கே வரும். மஞ்சு மூடிய மாலையில் பத்தடியில் நிற்கும்வரை தெரியாது. கத்தாமல், டார்ச்சை முகத்தில் அடிக்காமல், அது போக வழிவிட்டுப் பின்வாங்குங்கள். இருட்டியபின் பிள்ளைகளைத் தனியாகக் கடைக்கு அனுப்பாதீர்கள். நாயை இரவில் உள்ளே கட்டுங்கள். சிறுத்தைக்கு நாய்தான் எளிய இரை.

கரடி எண்ணெய் வாசத்துக்கு வரும். கோயில் விளக்கெண்ணெயையும் கடையில் இருக்கும் எண்ணெயையும் தேடிக் கதவை உடைத்த கரடிகள் இந்த ஊர்களில் பல. தீபாவளிப் பலகாரம் சுட்ட எண்ணெயைக் கொல்லையில் வைக்காதீர்கள். குப்பையைக் காலையில் வண்டி வரும் நேரத்தில் மட்டும் வெளியே வையுங்கள். கார்த்திகை விளக்கை வாசலில் ஏற்றுங்கள்; படுக்கும் முன் அகலையும் எண்ணெயையும் உள்ளே எடுத்துவிடுங்கள்.

தீபாவளிக்கு வரும் உறவினர்கள்

2024 மே 7 முதல் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் வெளியூர் வண்டிகள் வர இ-பாஸ் வேண்டும். கிளம்பும் முன்பே இணையத்தில் எடுத்துவிடச் சொல்லுங்கள். உங்கள் வண்டியே இன்னும் வெளி மாவட்டப் பதிவெண்ணில் இருந்தால், உள்ளூர்க்காரருக்கான வழியை வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். மலை ரயிலில் வரலாம் என்று திட்டமிடுபவர்களிடம், மழைக்காலத்தில் மேட்டுப்பாளையத்துக்கும் குன்னூருக்கும் நடுவில் தண்டவாளத்தில் மண் விழுந்து ரயில் ரத்தாவது வழக்கம் என்று முன்பே சொல்லிவையுங்கள். காரில் வருபவர்கள் இருட்டுவதற்கு முன் மேலே ஏறிவிட வேண்டும். இறங்கும்போது இரண்டாம் கியரிலேயே வர வேண்டும், ஏறும் வண்டிக்கு வழிவிட வேண்டும், மஞ்சில் ஹெட்லைட்டைத் தாழ்த்திப் போட வேண்டும். அவர்கள் படுக்கும் அறைக்குக் கதவடி பையும் கூடுதலாக இரண்டு கம்பளியும் எடுத்துவைத்து, சன்னலின் மேல்கதவை ஒரு விரல் அளவு திறந்து விடுங்கள்.